பதினைந்து எட்டுக்கு ஒரு மோட்டார் சவாரி

"உங்களுக்கு எந்த ஊரு?" என்று யாராவது கேட்பார்கள். "தஞ்சோங் ரம்புத்தான்" என்பேன். உடனே எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மலேசியாவில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சிரிப்புக்கு விளக்கம் தேவையில்லை. "அங்கேயிருந்து எப்படி வெளியே விட்டாங்க?" என்பது அடுத்த கேள்வி. 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை எங்கள் ஊரில் இருக்கிறது. இன்று பகாகியா மருத்துவமனை என்று பெயர். பகாகியா என்றால் மகிழ்ச்சி. நாடு முழுவதும் ஒருவரை ஒருவர் "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று திட்டிக்கொண்டே மூன்று தலைமுறையைக் கடத்திவிட்டார்கள். வானொலியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சக அறிவிப்பாளர்கள் இந்தக் கேலியைச் செய்து முடித்துவிட்டதால், இப்போது யார் சொன்னாலும் கொட்டாவிதான் வருகிறது.

எங்கள் ஊரைப் பார்த்துச் சிரிக்கத்தான் வேண்டும் என்றால் நான் வேறு விஷயம் சொல்கிறேன். எங்கள் தாமானில் ஒரு பாட்டி, சாலையைக் கடக்க இரண்டு வெள்ளி கொடுக்கிறார்.

சாலைக் கட்டணம் அல்ல. எதிர்ப்பக்கம் போய்ச் சேர மோட்டார் கூலி. பாட்டிக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்றபோது கிடைத்த பணத்தோடு பிள்ளை வாங்கிய மலிவு விலை வீட்டுக்கு வந்தவர். எங்கள் தாமான் சாலையின் ஒரு பக்கம். கிளினிக், பாசார், கோயில், பேருந்து நிற்கும் இடம் எல்லாம் மறுபக்கம். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு காலை, பாட்டி பாதிச் சாலையில் இருந்தபோது ஒரு மோட்டார் அவர் பையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. வழிப்பறி இல்லை. வேகத்தில் கைப்பிடி பையில் மாட்டிக்கொண்டது. பாட்டி விழுந்தார். எலும்பு முறியவில்லை. இடது முட்டி வீங்கி, இரண்டு வாரம் படுக்கை. அன்றிலிருந்து தனியாகக் கடப்பதில்லை.

எங்கள் வரிசையில் எஸ்.பி.எம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவன்தான் பாட்டியை ஏற்றிக்கொண்டு போவான். நேரே குறுக்கே போக முடியாது. முச்சந்தி வரை போய்த் திரும்பி வர வேண்டும். பாட்டியின் கொண்டைக்கு மேல் ஹெல்மெட் உட்காராது. அதனால் கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டுக்கொள்வார். பதினைந்து எட்டு அகலமுள்ள ஒரு சாலைக்காக ஒரு கிழவி தலையைப் பின்னிக்கொள்கிறாள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

"பாட்டி, ஸ்கூலுக்கு முன்னால வெள்ளைக்கோடு போட்டிருக்காங்களே, அங்க போய்க் கடக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"போனேன் புள்ள. கோடு மேல கால வெச்சேன். காடிக்காரன் ஆரன் அடிச்சான். நான் கோட்டுல நிக்கிறேன், அவன் எனக்கு ஆரன் அடிக்கிறான். அப்போ அந்தக் கோடு எதுக்கு?"

வாரம் ஐந்து நாள் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவள் நான். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை.

அறிவிப்பில் இடமில்லாதவர்கள்

காலை நேர நிகழ்ச்சியில் போக்குவரத்து நிலவரம் சொல்வோம். எங்கே நெரிசல், எங்கே லோரி பழுதாகி நிற்கிறது, எந்த டோல் சாவடியில் வரிசை. மூச்சு விடாமல் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். இத்தனை வருடத்தில் நடந்து போகிறவர்களுக்காக ஒரு வரி அதில் வந்ததில்லை. 'இன்ன இடத்தில் நடைபாதையில் கார்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன, பாதசாரிகள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள்' என்று யாரும் தகவல் அனுப்புவதும் இல்லை. நேயர்கள் காரில் இருந்துதான் கேட்கிறார்கள் என்பது இந்தத் தொழிலின் கணக்கு. அந்தக் கணக்கு சரிதான். ஆனால் காரில் கேட்பவரும் காரை நிறுத்திவிட்டு இறங்கினால் பாதசாரிதானே?

உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சாலை விபத்துகளில் ஓராண்டில் உலகம் முழுவதும் இறப்பவர்கள் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். அதில் பாதசாரிகள் 2 லட்சத்து 74 ஆயிரம். நூற்றுக்கு 23 பேர். நம் நாட்டில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் சாலையில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மை மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் உட்கார்ந்தவர்களும். அதனால் சாலைப் பாதுகாப்பு என்றாலே நமக்கு ஹெல்மெட்தான் நினைவுக்கு வருகிறது. நடப்பவரை யாரும் நினைப்பதில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நடை என்பது தனி விஷயம். என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். விடியற்காலை இருட்டில் பெரட்டுக்குப் போவார்கள். அங்கிருந்து வெட்டுக்காடு, பிறகு பால் கொட்டகை, பிறகு லயம். எல்லாம் செம்மண் சாலையில் நடைதான். பயம் பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும். எப்போதாவது துரையின் காரோ பால் லோரியோ வந்தால் அரை மைலுக்கு முன்பே சத்தம் கேட்கும். ஒதுங்கி நின்று, வேடிக்கை பார்த்துவிட்டு நடப்பார்கள். பேராக் மாநிலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது, அந்தக் கால்கள் அப்படியே தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தன. வீடு கிடைத்தது, தண்ணீர் மின்சாரம் கிடைத்தது. வாசலுக்கு எதிரே நான்கு திசையிலிருந்தும் வண்டி வரும் சாலையும் கிடைத்தது. அதை எப்படிக் கடப்பது என்று யாரும் யோசித்து வீடு கட்டவில்லை.

கோடு பிறந்த கதை

அந்தக் கோட்டுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. பிரிட்டனில் 1934இல் போக்குவரத்து அமைச்சராக வந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா, பாதசாரிகள் கடக்கும் இடங்களைக் காட்ட கறுப்பு வெள்ளைக் கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு நிறக் குண்டு விளக்கை வைத்தார். அவர் பெயராலேயே அது பெலிஷா விளக்கு ஆனது. சிங்கப்பூர் போகிறவர்கள் அதை இன்றும் பார்க்கலாம். பிறகு, தூரத்திலிருந்தே காரோட்டியின் கண்ணில் படும்படி தரையிலும் ஏதாவது வரைய வேண்டும் என்று 1949இல் ஆயிரம் இடங்களில் சோதனை நடத்தினார்கள். நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாற்றிப் பார்த்து, கடைசியில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளில் வந்து நின்றார்கள். முதல் வரிக்குதிரைக் கோடு 1951 அக்டோபர் 31ஆம் தேதி லண்டனுக்கு அருகே ஸ்லௌ என்ற ஊரில் திறக்கப்பட்டது. அந்தப் பெயரை வைத்தவர் பின்னாளில் பிரதமரான ஜேம்ஸ் கலஹான் என்று சொல்வார்கள். அவர் அதை உறுதியாக உரிமை கொண்டாடியதில்லை.

உலகிலேயே புகழ்பெற்ற வரிக்குதிரைக் கோடு எது என்றால் பீட்டில்ஸ் குழுவினர் நான்கு பேரும் வரிசையாக நடந்து போகும் அபே ரோடு. அந்தப் படம் 1969 ஆகஸ்ட் 8ஆம் தேதி எடுக்கப்பட்டது. புகைப்படக்காரர் ஏணியில் ஏறி நின்று ஆறே படம் எடுத்தார். எடுத்து முடிக்கும்வரை ஒரு போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்திவைத்தார். பீட்டில்ஸுக்கே போலீஸ் தேவைப்பட்டது என்றால் எங்கள் பாட்டி எம்மாத்திரம்!

இங்கும் சட்டத்தில் குறை இல்லை. வரிக்குதிரைக் கோட்டில் ஆள் இறங்கினால் வண்டி நின்று வழிவிட வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்காக எழுத்துத் தேர்வு எழுதிய எல்லோரும் அதைப் படித்துத்தான் தேறியிருக்கிறோம். ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பையனும் நானும் பள்ளிக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். கோட்டில் ஆள் நிற்பதைப் பார்த்துத் தானாக நின்ற வண்டிகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். நின்றவர்களில் ஒருவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர் ஆரன் அடித்தார்.

ஓட்டுநர்களை மட்டும் திட்டி முடிக்க எனக்கு மனமில்லை. நானும் அந்தச் சாலையில் கார் ஓட்டுகிறேன். அந்தக் கோடு பாதி அழிந்து கிடக்கிறது. சாலைக் கோடுகள் சாதாரணச் சாயம் அல்ல. சூடாக்கி ஊற்றும் ஒருவகைப் பிசின், அதில் பொடிக் கண்ணாடி மணிகள் கலந்திருக்கும். இரவில் காரின் விளக்கு பட்டு அந்த மணிகள் மின்ன வேண்டும். லோரிச் சக்கரங்கள் ஏறி ஏறி மணிகள் உதிர்ந்துவிட்டால், மழை இரவில் கோடு இருப்பதே தெரியாது. ஈப்போ வட்டாரத்து மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

பாட்டியின் பதினேழு விநாடி

ஒரு நாள் மாலை, வாகனம் வராத எங்கள் தாமான் உட்சாலையில் பத்து மீட்டரை அளந்து, பாட்டியை நடக்கச் சொல்லிக் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். "என்னா, எனக்கு ஓட்டப் பந்தயமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நடந்தார். பதினேழு விநாடி. நான் நடந்தபோது எட்டு விநாடி.

பெரிய சாலையின் அகலமும் ஏறத்தாழ அந்தப் பத்து மீட்டர்தான். இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் ஓடுகிறது. நான் கடக்க வேண்டுமானால் கார் 140 மீட்டருக்கு அப்பால் இருந்தால் போதும். பாட்டி கடக்க வேண்டுமானால் 280 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். அதுவும் இரண்டு பக்கமும், ஒரே நேரத்தில். ஒரு கண்ணில் புரை எடுத்த, மறு கண்ணில் எடுக்க வேண்டிய ஒருவர் 280 மீட்டர் தூரத்தில் வரும் வண்டியைப் பார்த்து அதன் வேகத்தையும் கணிக்க வேண்டும். எங்கள் இடத்தில் அந்தத் தூரத்துக்குள் சாலையே வளைந்துவிடுகிறது. அதாவது, பாட்டி எவ்வளவு கவனமாக இருந்தாலும் அங்கே பத்திரமாகக் கடக்கவே முடியாது. "பார்த்துக் கடக்கணும்" என்று நாம் சொல்லும் அறிவுரை, பார்ப்பதற்கு இடமிருந்தால்தான் செல்லும்.

வேகம் 60இலிருந்து 30 ஆகக் குறைந்தால் பாட்டிக்கும் 140 மீட்டர் போதும். வேகம் பாதியானால் பாட்டியின் வயதும் பாதியாகிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் இன்னொரு கணக்கு: மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதும் காரைவிட 65இல் மோதும் கார் பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு நாலரை மடங்கு. பதினைந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். காருக்குள் இருப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

வேகத்தைக் குறைக்காமலே ஒரு வழி இருக்கிறது. சாலை நடுவில் ஒருவர் நிற்கும் அளவுக்கு ஒரு சிறு திட்டு. நடுத்திட்டு இருந்தால் பாட்டி முதலில் வலப்பக்கம் மட்டும் பார்த்து ஐந்து மீட்டர் கடக்கலாம். நின்று மூச்சு வாங்கலாம். பிறகு இடப்பக்கம் மட்டும் பார்த்து மீதி ஐந்து மீட்டர். அப்போதும் தேவைப்படுவது 140 மீட்டர்தான். விளக்கு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கொஞ்சம் சிமெண்டும் ஒளிரும் பலகையும் போதும். பெரிய திட்டங்களைத் திறந்து வைக்க நாடா வெட்டும் நம் ஊரில் இதற்கு யார் நாடா வெட்ட வருவார்கள் என்பதுதான் சந்தேகம்.

விளக்கு வைத்த கடப்பிடங்களிலும் இதே பிரச்சினை உண்டு. பச்சை மனிதன் எரியும் நேரத்தைப் பொதுவாக விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை மனதில் வைத்துக் கணக்கிடுவார்கள். அது என் நடை. பாட்டியின் நடை அதில் பாதி. சிங்கப்பூர் இதற்காக 2009இல் ஒரு ஏற்பாடு செய்தது. முதியவர்களும் உடற்குறையுள்ளவர்களும் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் தொட்டால் பச்சை விளக்கு மூன்று முதல் பதின்மூன்று விநாடி வரை கூடுதலாக எரியும்.

எங்கள் ஊருக்கு இது வேறு எந்த ஊரையும்விடப் பொருந்தும். காரணம், சிரிக்கிறார்களே, அந்த மருத்துவமனைதான். மருந்து வாங்க மாதாமாதம் வந்துபோகும் வெளிநோயாளிகள், அவர்களைக் கூட்டிவரும் அம்மாக்கள், பார்க்க வரும் உறவினர்கள், ஷிப்ட் முடிந்து போகும் தாதியர் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டம் உண்டு. மனநோய்க்கான சில மருந்துகள் உடலின் அசைவை மெதுவாக்கும். கால் எடுத்து வைப்பது தாமதமாகும். மருந்து சாப்பிட்டு நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒருவர் மெதுவாகச் சாலையைக் கடந்தால், கார்க்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து "பைத்தியம், பார் எப்படிப் போகுதுன்னு" என்று ஒரு பேச்சு வரும். நான் காரில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறேன். நூறு வருடத்துக்கும் மேலாக மெதுவாக நடப்பவர்களை வரவேற்றுக்கொண்டிருக்கும் ஓர் ஊர், நாட்டிலேயே மிகப் பொறுமையான சாலைகளை வைத்திருக்க வேண்டாமா?

எண்ணப்படாத தலைகள்

எந்த இடத்தில் கடப்பிடம் அமைப்பது என்பதற்கு பிரிட்டனில் நீண்ட காலம் ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். மணிக்கு எத்தனை பேர் சாலையைக் கடக்கிறார்கள், எத்தனை வாகனங்கள் போகின்றன என்று எண்ணி, வாகன எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, ஆட்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி, வரும் விடை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கடப்பிடம். ஆட்கள் குறைவாக இருந்தால் தேவையில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சாலை ரொம்ப ஆபத்தானது என்றால் அங்கே யாரும் கடக்க மாட்டார்கள். எண்ண வருகிறவருக்குத் தலைகள் குறைவாகத்தான் தெரியும். மோட்டாரில் சுற்றிப் போகும் பாட்டி அந்தக் கணக்கில் வாகனமாகத்தான் வருவார்!

கடக்க வழி கேட்டால் நம் பக்கம் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஜெஜாந்தாஸ். அந்த நடைமேம்பாலத்தின் அடியில் உயரமான லோரி போக வேண்டும். எனவே முப்பது, நாற்பது படி ஏறி, நடந்து, அதே அளவு இறங்க வேண்டும். முட்டி வலிக்காரருக்கு அது கோயில் வேண்டுதல் மாதிரி. அதனால்தான் பல இடங்களில் மேலே பாலம் காலியாக இருக்க, அதன் நிழலிலேயே மக்கள் சாலையைக் கடக்கிறார்கள். வண்டிக்கு ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை, நடப்பவர் மட்டும் ஏற வேண்டும் என்ற அந்த யோசனையே எனக்குப் பிடிப்பதில்லை. விரைவுச்சாலையில் வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். கடைத்தெருவில் எதற்கு?

ரயில் பாதை விஷயம் தனி. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் மின்சார இரட்டைத் தண்டவாளம் போட்டு, 2015 ஜூலையில் இ.டி.எஸ். ரயில் அந்தப் பாதையில் ஓட ஆரம்பித்தது. எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அந்தத் திட்டத்தில் சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் ரயில்வே கேட்டே கிடையாது. எல்லாம் மேம்பாலம் அல்லது கீழ்ப்பாதை. இரு பக்கமும் வேலி. மணிக்கு 140 கிலோமீட்டரில் ரயில் ஓடும் பாதையில் அது கட்டாயம் தேவை. அதில் எனக்கு மறுபேச்சில்லை. முன்பு தண்டவாளத்தைத் தாண்டி ஒரே நிமிடத்தில் மறுபக்கம் போய்வந்த பெரியவர்கள்தான், "ஊரு ரெண்டாப் போச்சு" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ரயிலுக்கு அவ்வளவு செய்த நாம் சாலைக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்டால், "நம்ம ஆளுங்க குணம் அப்படி, மாறாது" என்பார்கள். இதை நான் நம்பவில்லை. ஜப்பானியர்கள் ஒழுங்குக்குப் பேர் போனவர்கள் இல்லையா? அந்நாட்டு வாகன ஓட்டுநர் சம்மேளனம் விளக்கில்லாத கடப்பிடங்களில் எத்தனை கார்கள் பாதசாரிக்காக நிற்கின்றன என்று ஆண்டுதோறும் எண்ணுகிறது. 2018இல் நின்றவை நூற்றுக்கு 8.6 மட்டுமே. தோச்சிகி என்ற மாநிலத்தில் 0.9. நூறு காரில் ஒன்றுகூட இல்லை! நகானோ மாநிலத்தில் மட்டும் 58.6. மாநில வாரியாக இந்த எண்கள் வெளிவந்ததும் கடைசியில் நின்றவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. விளம்பரம், போலீஸ் கண்காணிப்பு, பள்ளிப் பிரச்சாரம் என்று இறங்கினார்கள். 2023இல் நாடு முழுவதற்குமான எண் 45.1. நகானோ 84.4. ஐந்தே வருடத்தில் நடந்த மாற்றம் இது. நகானோவில் கடந்து முடித்த பள்ளிப் பிள்ளைகள் திரும்பி நின்று காரோட்டிக்குத் தலைவணங்குவது வழக்கம். சின்ன வயதில் வணங்கிய பிள்ளைகள்தான் வளர்ந்து கார் ஓட்டும்போது நிற்கிறார்கள் என்று அங்கே சொல்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பொலிவியாவின் லா பாஸ் நகரம். 2001லிருந்து அங்கே இளைஞர்கள் வரிக்குதிரை வேடம் போட்டுக்கொண்டு சந்திப்புகளில் நிற்கிறார்கள். ஆடுவார்கள், பாடுவார்கள், கோட்டில் ஏறி நிற்கும் காருக்கு முன்னால் படுத்தும் காட்டுவார்கள். கிழவிகளைக் கை பிடித்துக் கடத்திவிடுவார்கள். அதற்கும் முன்னோடி கொலம்பியாவின் பொகோட்டா. அங்கே மேயராக இருந்த அந்தனாஸ் மோக்குஸ் 1990களில் சாலைச் சந்திப்புகளில் ஊமைக்கூத்துக் கலைஞர்களை நிறுத்தி, விதியை மீறுபவர்களைப் பார்த்துக் கேலி செய்ய வைத்தார். சம்மனுக்குப் பயப்படாதவர்கள் கேலிக்குப் பயந்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, பொங்கல் விழாவில் புலி வேடம் போடும் எங்கள் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் கறுப்பு வெள்ளைச் சாயம் வாங்கிக் கொடுக்கலாமா என்று தோன்றுகிறது.

சரி, யாரிடம் சொல்வது? இங்கேதான் பலர் களைத்துப் போகிறார்கள். முதன்முதலில் நான் தொலைபேசியில் அழைத்த அலுவலகம் "இது எங்கள் சாலை இல்லை" என்றது. அவர்கள் சொன்ன இடம் திரும்ப முதல் இடத்துக்கே அனுப்பியது. தவறு யாருடையது என்று ஆராய்வதைவிடச் சாலை யாருடையது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் கூட்டரசு சாலை. ஈப்போ வழியாகப் போகும் பழைய நெடுஞ்சாலைக்கு எண் 1. எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'ஏ' எழுத்து இருந்தால் அது பேராக் மாநிலச் சாலை. இந்த இரண்டுமே பொதுப்பணி இலாகாவின் கையில். தாமானுக்குள் இருக்கும் சாலைகள் ஊராட்சி மன்றத்துடையவை. எங்கள் பக்கத்தில் அது ஈப்போ மாநகர் மன்றம். சிஸ்பா என்ற அரசாங்கப் புகார்த் தளத்தில் எழுதினால் குறிப்பு எண் கிடைக்கும். வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு எண் கிடையாது. கல்லில் இருக்கும் எண், பகலில் ஒரு படம், இரவில் ஒரு படம், எந்த நேரத்தில் எவ்வளவு வண்டி என்ற விவரம் இவை நான்கும் இருந்தால் "இடம் தெளிவாக இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது.

எங்கள் தாமானில் போன மாதம் ஒரு மனு எழுதினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தப் பையனும் அவன் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போய் எண்ணினார்கள். தாளில் இரண்டு பத்தி. ஒன்றில் தினமும் சாலையைக் கடக்கிறவர்கள். இன்னொன்றில் கடக்க வேண்டியிருந்தும் பயந்து கடக்காதவர்கள். இரண்டாவது பத்திதான் நீளமாகப் போனது. சர்க்கரை நோயால் கண் மங்கிய மாமா ஒருவர், கைக்குழந்தையோடு இருக்கும் அக்கா ஒருவர், பாசார் மாலாமுக்குப் போவதையே விட்டுவிட்ட சீனக் கிழவர் ஒருவர், மகனை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகும் மலாய் மக்சிக் ஒருவர். இவ்வளவு பேர் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதே வரிசையில் குடியிருக்கும் எங்களுக்கே புதிது. பாட்டி தன் பெயரை முதலில் எழுதச் சொன்னார். கைநாட்டு வைக்கிறீர்களா என்று பையன் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு, தமிழில் கையெழுத்துப் போட்டார்.

கேட்டது மூன்று. கோட்டைப் புதுப்பிக்க வேண்டும், அதைக் கொஞ்சம் உயர்த்தி வண்டி தானாகவே மெதுவாகும்படி செய்ய வேண்டும், பாட்டி வீட்டுக்கு நேரே ஒரு நடுத்திட்டு வேண்டும். குறிப்பு எண் வந்தது. மூன்று வாரம் வேறு சத்தம் இல்லை. இந்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் நிகழ்ச்சியில் இருந்தபோது பையனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒளிரும் மேற்சட்டை போட்ட இரண்டு பேர், வண்டிகள் ஓயும் நேரம் பார்த்து, சாலைக்குக் குறுக்கே டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். சட்டையில் எந்த இலாகா என்று எழுதியிருக்கவில்லை. படத்தின் ஓரத்தில், எதிர்ப்பக்கம், பின்னலோடு பாட்டி நின்று அவர்களுக்கு ஏதோ கை காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.